களவா மாமாவின் மடி

வேலாமுனை மீன் காட்சியகத்தில், தாய்மாமன் இல்லாத பிள்ளைகளுக்குத் தாய்மாமனாக ஒரு களவா மீன் இருக்கிறது. காதுகுத்து, மொட்டை, சடங்கு, கல்யாணம், எதுவானாலும் அதுதான் முன்னால் நிற்கும். நிற்கும் என்றால் நீந்தும். அது இது என்று சொன்னால் ஊரில் அடிக்க வருவார்கள். அதனால் இனிமேல் அவர்.

வந்த புதிதில் அவர் மாமாவாக இல்லை, சித்தியாக இருந்தார். களவா அப்படித்தான், பெண்ணாக வளர்ந்து, உடம்பு பெருத்த பிறகு ஆணாகிவிடும். அவர் சித்தியாக இருந்தவரை காட்சியகத்துக்கு யாரும் வரவில்லை. சித்தி எல்லார் வீட்டிலும் இருக்கிறாள், அதற்குப் போய் யார் டிக்கெட் எடுப்பார்கள்? மூடிப்போன ஐஸ் கம்பெனியைக் கழுவிவிட்டு நகராட்சி ஆரம்பித்த இடம் அது. சுவர் இன்னும் சில்லென்று இருக்கும். மத்தியானத்தில் ஆடுகள் வந்து படுக்கும். வாசலில் டிக்கெட் கிழிக்கிற ரோஸ்லின் அக்கா, ஆளில்லாத கொடுமைக்கு ஆடுகளுக்கு அரை டிக்கெட் கிழித்தாள் என்று ஒரு பேச்சு உண்டு. பொய். ஆடுகள் டிக்கெட் எடுக்கவே இல்லை.

பிறகு ஒரு நாள் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கடல் பார்க்க வந்து, வெயில் தாங்காமல் உள்ளே நுழைந்தது. அந்த அம்மா தொட்டி முன்னால் நின்று, மீனைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்து, "எனக்குன்னு ஒரு அண்ணன் தம்பி இருந்திருந்தா இந்தப் பிள்ளைக்கு இந்நேரம் காது குத்தியிருக்கும்" என்றாள். களவா கல்லுக்குப் பின்னாலிருந்து வந்து, கண்ணாடியில் விலாவைச் சாய்த்து நின்றார். அந்த வாரம்தான் ஆணாகியிருந்தார். புருஷன் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி, முறைக்கு ஆள் வந்தாச்சுல்ல" என்று சொல்லி, காது குத்துகிற ஆசாரியைத் தேடி வெளியே போனான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கூட்டம்.

சிவகாசி, கோவில்பட்டி, கம்பம், எங்கிருந்தெல்லாமோ வேன் பிடித்து வந்தார்கள். நகராட்சி, கண்ணாடியை ஒட்டி ஒரு சிமெண்டுத் திண்டு கட்டியது. அதுதான் மாமாவின் மடி. எப்போதும் ஈரமாக இருக்கும். பிள்ளையை அதில் உட்கார வைத்தால் மாமா உள்ளேயிருந்து வயிற்றை ஒட்டி அணைத்துக்கொள்வார். அந்தக் குளிர்ச்சியில் பாதிப் பிள்ளைகள் அழவே மறந்துவிடும். மாமா பெருக்கப் பெருக்கத் தொட்டியைப் பெரிதாக்கினார்கள், ஒவ்வொரு தடவையும் முறையாகப் பால் காய்ச்சினார்கள். அடுத்த அறையில் கடல்குதிரைக்கு முன்னால் வளைகாப்பு நடக்க ஆரம்பித்தது. கடல்குதிரையில் ஆண்தான் வயிற்றில் சுமக்கும், ஆம்பளையில் பிள்ளைத்தாச்சி கஷ்டம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், புருஷன்மார்களை அவர் முன்னால் நிறுத்திவிட்டுப் பெண்கள் சாப்பிடப் போவார்கள். வெளியே பிரியாணிக் கடை, பலூன் கடை, கவரிங் தோடுக் கடை. மீன் காட்சியகம் என்ற பெயர் பலகையில் மட்டும் இருந்தது. ஊர் வாயில் அது மாமா வீடு.

மாமாவிடம் ஒரே ஒரு கண்டிப்பு. முறையாக வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு, அது கண்டிப்பு இல்லை, குணம். பிள்ளைக்கு ஊரில் எங்கேயாவது சொந்தத் தாய்மாமன் உயிரோடு இருந்தால், மாமா கல்லுக்குப் பின்னால் போய்விடுவார். அடுத்தவன் உரிமையில் வாய் வைக்கிற ஆள் இல்லை.

இந்த மாமா வீட்டுக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டினான் ஐகோர்ட்துரை.

"மாமா வீடு, மாமா வீடு! காதுகுத்து எல்லாம் ஏறுங்க! நேரா மடியில கொண்டு இறக்கிருதேன்!"

இப்படிக் காலையிலிருந்து தொண்டை வறளக் கத்துவான். வருகிற வழியெல்லாம் மாமாவின் பெருமை பேசுவான். கத்துகிறானே தவிர ஒரு நாளும் உள்ளே போனதில்லை. காரணம் கேட்டால், பார்க்கிங் இல்லை என்பான். காட்சியகம் பெரிதான பிறகு பார்க்கிங் மட்டும் ஒரு ஏக்கர் இருந்தது.

உண்மைக் காரணம் அவன் தங்கை லிங்கக்கனி.

லிங்கக்கனியை மூன்று தெரு தள்ளித்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அப்பா அம்மா போய்விட்டார்கள், இருப்பது இவன் ஒருவன். அவளுக்கு வளைகாப்பு வந்தது. முறையாக வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வருவாள் என்று ஐகோர்ட்துரை கஞ்சி போட்ட சட்டையோடு, வாங்கி வைத்த வளையலோடு வீட்டில் உட்கார்ந்திருந்தான். கூடப்பிறந்தவனுக்கு எதுக்கு அழைப்பு, அவனா வருவான் என்று அவள் மணையில் உட்கார்ந்திருந்தாள். வலது கை நிறைய வளையல் போட்டாகிவிட்டது. இடது கையை அண்ணனுக்கென்று சும்மா வைத்திருந்தாள். பொழுது சாய்கிற வரை சும்மா வைத்திருந்தாள். அழைக்காத வீட்டுக்குப் போனால் மரியாதை இல்லை. அழைத்தால்தான் வருவேன் என்றால் அண்ணனே இல்லை. இரண்டு பேரும் சொல்வது சரி. அதனால்தான் தீரவில்லை. பிள்ளை பிறந்தது, பெயர் வைத்தார்கள், இருவரும் அவரவர் வீட்டில் காத்திருந்தார்கள்.

அந்தப் பிள்ளை மிருதுளாவுக்கு இப்போது மூன்று வயது. காது குத்த வேண்டும். காது ஒரு தடவைதான் குத்துவார்கள். குத்தின மடி குத்தினதுதான், அப்புறம் மாற்றிக் குத்த முடியாது.

அன்றைக்கு ஆட்டோ ஸ்டாண்டில் ஐகோர்ட்துரையின் முறை. ஸ்டாண்டில் முறை என்றால் முறை, முந்தவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. லிங்கக்கனியும் அவள் புருஷன் சித்திரைவேலும் பிள்ளையோடு வந்து நின்றார்கள். பிள்ளை பட்டுப் பாவாடையில் இருந்தது. நடந்தால் கீச்சு கீச்சு என்று கத்துகிற செருப்பு போட்டிருந்தது. லிங்கக்கனி வண்டியைப் பார்த்தாள், ஓட்டுகிறவனைப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பூக்காரம்மா கூடையோடு இருந்தாள்.

"என்னங்க, டிரைவர்ட்ட சொல்லுங்க. மாமா வீட்டுக்கு."

"மச்சான், மாமா வீட்டுக்கு" என்றான் சித்திரைவேல்.

"கேட்டுச்சு மாப்ள."

வண்டி கிளம்பியது. பூக்காரம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "ஏம்மா, டிரைவரு மூக்கு ஒன் மூக்கு மாதிரியேல்லா இருக்கு?"

"ஊருல ஆயிரம் மூக்கு இருக்கு."

"இருக்கும். ஆனா இது அப்படியே இருக்கே. தூக்கி வச்ச மாதிரி."

"பூ எவ்வளவு?" என்று கேட்டாள் லிங்கக்கனி. பூக்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முழம் போட ஆரம்பித்தாள்.

பிள்ளை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. "டிரைவர் மாமா, ஹாரன் அடிங்க."

"மாமா இல்ல. டிரைவர்" என்றாள் லிங்கக்கனி.

ஐகோர்ட்துரை ஹாரன் அடித்தான். முன்னால் ஒன்றும் இல்லை, ரோடு காலி. திரும்பத் திரும்ப அடித்தான்.

"மெதுவா போகச் சொல்லுங்க. பிள்ள நிக்கி."

"பிள்ள நிக்கிதுன்னு எனக்குத் தெரியும்னு சொல்லுங்க மாப்ள."

"ரெண்டு பேருக்கும் நல்லாவே காது கேக்கு" என்றான் சித்திரைவேல். "பெறகு நான் எதுக்கு நடுவுல?" அவன் பிள்ளையைப் பிடித்துக்கொண்டான்.

மாமா வீட்டு வாசலில் இறங்கினார்கள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்கள். ஐகோர்ட்துரை அடுத்த சவாரிக்குக் கத்த வேண்டும். பின்சீட்டைத் துடைக்கலாம் என்று போனான். கீச்சுச் செருப்பு ஒன்று அங்கே கிடந்தது. அதை எடுத்தான். அவன் பிடித்த பிடியில் அது கத்தியது. அதைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், செருப்பைக் கொடுக்க யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கத் தேவையில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு, முதல் தடவையாக மாமா வீட்டுக்குள் போனான்.

உள்ளே காதுகுத்து வரிசை சுவரோரம் வளைந்து வளைந்து நின்றது. லிங்கக்கனியின் முறை வந்திருந்தது. ஆசாரி பித்தளைத் தட்டில் ஊசியும் மஞ்சளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரோஸ்லின் அக்கா இப்போது டிக்கெட் கிழிப்பதில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு முறை கேட்கிற வேலை அவளுக்கு.

"தாய்மாமன் உண்டா?"

"இல்ல" என்றாள் லிங்கக்கனி.

தொட்டியில் மாமா இருந்தார். ஒரு கட்டிலை நிமிர்த்தி வைத்த மாதிரி உடம்பு, புள்ளி புள்ளியாக, கீழுதடு தொங்கின வாய். லிங்கக்கனியை ஒரு பார்வை பார்த்தார். மெதுவாகத் திரும்பினார். கல்லுக்குப் பின்னால் போய்விட்டார்.

வரிசையில் ஒரு முணுமுணுப்பு. "உண்டு போல" என்றார் யாரோ.

"இல்லன்னு சொல்லுதேன்ல?" லிங்கக்கனி தொட்டியைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "போன வெள்ளிக்கிழமை வந்து தட்டு வச்சு அழைச்சேன். வாங்கிட்டு இப்ப ஒளிஞ்சா என்ன அர்த்தம்? மாமான்னா எல்லாரும் இப்படித்தானா?"

கல்லுக்குப் பின்னாலிருந்து வால் மட்டும் தெரிந்தது. அதுவும் உள்ளே இழுத்துக்கொண்டது.

அந்த நேரம் கீச்சு என்று ஒரு சத்தம். ஐகோர்ட்துரை கூட்டத்துக்குள் செருப்போடு நின்றான்.

"என் செருப்பு!" என்றது பிள்ளை. "டிரைவர் மாமா கொண்டாந்துட்டாரு!"

ரோஸ்லின் அக்கா அவன் மூக்கைப் பார்த்தாள், லிங்கக்கனி மூக்கைப் பார்த்தாள். "நீ யாருப்பா?"

"செருப்பு குடுக்க வந்தேன்."

"அத கேக்கல."

"நான் ஒண்ணும் அழையாத வீட்டுக்கு விருந்துக்கு வரலைன்னு சொல்லுங்க அக்கா."

"அழைச்சாத்தான் வருவேன்னு சொல்லுதவன் அண்ணன் இல்ல, விருந்தாளின்னு சொல்லுங்க அக்கா" என்றாள் லிங்கக்கனி.

சித்திரைவேல் தன் வேலை வேறொருவருக்குப் போய்விட்டதில் நிம்மதியாகி, சுவரில் சாய்ந்தான்.

ரோஸ்லின் அக்கா இரண்டு பேரையும் பேச விட்டாள். வளைகாப்பு வந்தது, இடது கை வந்தது, கஞ்சி போட்ட சட்டை வந்தது. வரிசையில் நின்றவர்கள் பிள்ளைகளைத் தரையில் இறக்கிவிட்டு வசதியாக நின்று கேட்டார்கள். எல்லாம் கேட்டுவிட்டு அக்கா கண்ணாடியில் விரலால் தட்டினாள்.

"கனி, போன வெள்ளிக்கிழமை இவருக்குத் தட்டு வச்சேல்லா?"

"வச்சேன்."

"அப்ப இவரு ஒனக்கு அண்ணன்."

"ஆமா."

"ஐகோர்ட்துரை, ஒந்தங்கச்சிக்கு அண்ணன்னா ஒனக்கு யாரு?"

ஐகோர்ட்துரை தொட்டியைப் பார்த்தான். கல்லின் ஓரத்தில் ஒரு கண் தெரிந்தது. கண்ணின் அளவைப் பார்த்தான், வாயின் அளவைப் பார்த்தான். "அண்ணன்" என்றான். "ஆனா முன்னால சித்தியா இருந்தாவன்னு..."

"அது அவரு சொந்த விஷயம். நமக்கெதுக்கு? அண்ணன்தானே?"

"அண்ணன்தான்."

"அண்ணன் தம்பிக்குத் தனித்தனியாவா தட்டு வைப்பாவ?"

இதற்கு ஐகோர்ட்துரை பதில் சொல்லவே வேண்டியதில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு தாம்பூலம்தான். மூத்தவன் கையில் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுத்த மாதிரி. கன்னியாகுமரியிலிருந்து கம்பம் வரை இதில் இரண்டு பேச்சு கிடையாது.

ஆகவே ஐகோர்ட்துரையைப் போன வெள்ளிக்கிழமையே முறையாக அழைத்தாகிவிட்டது. அவனுக்குத்தான் தெரியாது. தெரியாமலே வந்திருக்கிறான், அதனால் அழைக்காமல் தானாக வந்த அண்ணனும் ஆகிவிட்டான். லிங்கக்கனி யோசித்தாள். ஓட்டை எங்கேயாவது இருக்கிறதா என்று நன்றாக யோசித்தாள், ஆள் அப்படி. இல்லை.

ஆனாலும் அவள் அண்ணனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிள்ளையை மட்டும் கொஞ்சம் அவன் பக்கமாக நகர்த்திப் பிடித்தாள்.

மாமா கல்லுக்குப் பின்னாலிருந்து வந்தார். சிமெண்டுத் திண்டுக்கு நேராக நின்று, வயிற்றைக் கண்ணாடியில் ஒட்டினார். பிறகு கொஞ்சம் பின்வாங்கினார். பந்தியில் பக்கத்தில் ஒருத்தனுக்கு இடம் விடுகிறவர் ஒதுங்குவது போல ஒதுங்கினார்.

"உக்காருப்பா" என்றாள் ரோஸ்லின் அக்கா. "மூத்தவரு மடியில நீ. ஒன் மடியில பிள்ள."

ஐகோர்ட்துரை காக்கிச் சட்டையோடு ஈரத் திண்டில் உட்கார்ந்தான். முதுகில் கண்ணாடி, அதற்குப் பின்னால் பெரிய வயிறு. குளிர்ச்சி சட்டைக்குள் ஏறியது. பிள்ளையை மடியில் வைத்தார்கள். அது சாதாரணப் பிள்ளையின் கனம்தான் இருந்தது. அவன்தான், தூக்க முடியாத எதையோ வைத்துவிட்ட மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"டிரைவர் மாமா, வலிக்குமா?"

"வலிக்கும்" என்றான். பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஹாரன் மாதிரி. சட்டுன்னு முடிஞ்சிரும்."

ஆசாரி குத்தினார். பிள்ளை ஹாரன் மாதிரியே கத்தியது. இரண்டாவது காதுக்கும் கத்தியது, நீளமாக. பிறகு அவன் சட்டைப் பையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று இறங்கிப் போனது. ஐகோர்ட்துரை எழுந்திருக்கப் போனான்.

"இரு" என்றார் ஆசாரி. "மடியில உக்காந்தா குத்தணும்லா."

அதுவும் சரிதான். மாமா மடியில் உட்கார்ந்தவர்களுக்குக் காது குத்துவது அங்கே வழக்கம், இன்னாருக்குக் கிடையாது என்று யாரும் சொன்னதில்லை. ஆசாரி அவன் காதைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். "குத்தவே இல்லையே. சின்னதுல குத்தலியா?"

"எங்க தாய்மாமன் கோவிச்சிட்டு வரல" என்றான் ஐகோர்ட்துரை. "தட்டு வைக்கலைன்னு."

லிங்கக்கனிக்கு அது தெரியும். அவளுக்குக் குத்தியதும் அந்த மாமா மடியில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மடியில். தெரிந்த விஷயம்தான், ஆனால் அப்போதுதான் கேட்கிற மாதிரி நின்றாள்.

ஆசாரி வலது காதில் ஊசியை இறக்கினார். தோடு இல்லை என்பதால் வேப்பங்குச்சியைச் சொருகினார். இடது காதுக்குத் திரும்பியபோது லிங்கக்கனி ஒரு எட்டு முன்னால் வந்தாள். அண்ணன் தலையை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டாள். கைகளில் பூ வாசம். மாமா பின்னாலிருந்து இறுக்கமாக அணைத்தார். ஊசி இறங்கியது.

"வலிக்கா?" என்று கேட்டாள். புருஷனிடம் இல்லை, ரோஸ்லின் அக்காவிடம் இல்லை. அவனிடம்.

"இல்ல" என்றான். பச்சைப் பொய். கண் நிறைந்து வழிந்தது.

அவள் சேலைத் தலைப்பால் காதைத் துடைத்தாள். ரத்தம் வந்தது காதில், அவள் துடைத்தது கன்னத்தையும் சேர்த்து. "சட்ட எல்லாம் ஈரமாயிட்டு. சளி பிடிக்கும். வீட்டுக்கு வந்து மாத்திக்கோ" என்றாள். "ஆட்டுக்கறி எடுத்திருக்கு."

"ம்" என்றான்.

"ம்முன்னா? வருவியா மாட்டியா?"

"வாரேன்ட்டி."

மாமா கண்ணாடியை விட்டு விலகி, அடுத்த பிள்ளைக்குத் தயாராக வயிற்றைச் சரி செய்துகொண்டார். சித்திரைவேல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு வேலையைப் பார்க்க முன்னால் போனான். ஐகோர்ட்துரை காதில் மஞ்சளும் வேப்பங்குச்சியுமாக வெளியே நடந்தான், லிங்கக்கனி கூடவே வந்தாள். அவன் வாசலுக்குப் போக வரிசையைத் தாண்ட வேண்டும்.

வரிசையில் பிள்ளைகளோடு நின்ற பெண்கள் எல்லாரும் மாமாவுக்குத் தட்டு வைத்தவர்கள். மாமா அவர்களுக்கு அண்ணன் என்றால், ஐகோர்ட்துரையும் அண்ணன்தான், வயதில் பெரியவர்களுக்குத் தம்பி. அவன் கிட்டே வந்ததும் தங்கச்சிமார்கள் தள்ளி நின்று வழிவிட்டார்கள். அக்காமார்கள் தள்ளவில்லை. ஒருத்தி, "கல்யாணத்துக்கும் வரல, பிள்ள பொறந்ததுக்கும் வரல, இப்ப மட்டும் எங்கேருந்து வந்த?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கம்பத்துக்காரி. திராட்சைத் தோட்டத்தில் வேலை.

"போய்க் கேளு. நான் நிக்கேன்" என்றாள் லிங்கக்கனி.

ஐகோர்ட்துரை வரிசையின் தலையிலிருந்து ஆரம்பித்தான். ஒவ்வொருத்தியிடமும் நின்று, நல்லா இருக்கியா என்று கேட்டான். கோபமாக இருந்தவர்களிடம் இரண்டு தடவை கேட்டான்.